மைனஸ் நாற்பதில் கேமரன் மலை

காரின் முகப்பில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது என்றால், எஞ்சினைக் கவனித்துக்கொள்ளும் சிறு கணினி ஏதோ ஓர் அளவைத் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘இது சேரவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டது என்று அர்த்தம். எழுதி வைத்த அந்த ஐந்தெழுத்துக் குறிப்பைத்தான் பட்டறைகளில் ‘கோட்’ என்கிறார்கள். கோட் விழுந்திருக்கிறது, கோட் படிக்க வேண்டும், கோட் அழித்தாயிற்று என்று அதற்கென்றே ஒரு பேச்சு வழக்கு உண்டு.

அதன் அமைப்பு எளிது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து: எஞ்சின், கியர் பக்கம் என்றால் பி, பிரேக், சக்கரம் பக்கம் என்றால் சி, கதவு, காற்றுப்பை போன்றவை இன்னொரு பி, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பிகள் யு. இரண்டு பி-யும் தமிழில் ஒன்றாகவே ஒலிப்பதால் ‘எஞ்சின் பி’, ‘பாடி பி’ என்று பிரித்துச் சொல்வது கேமரன் மலைப் பட்டறைகளில் வழக்கம். அடுத்து வரும் இலக்கம் 0 என்றால் எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொது. 1 என்றால் அந்தத் தயாரிப்பாளரின் சொந்த எண். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் எரிபொருளும் காற்றும், 3 இருந்தால் பற்றவைப்பு, 4 இருந்தால் புகை சுத்திகரிப்பு, 7 இருந்தால் கியர். கடைசி இரண்டு இலக்கம் குறிப்பான இடத்தைச் சொல்லும். பி0171 என்று வந்தால், எல்லாக் காருக்கும் பொதுவான எண், எரிபொருள் – காற்றுக் கலவை சம்பந்தப்பட்டது, கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று படிக்க வேண்டும். ஏன் குறைகிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் போமன்.

போமன் என்றால் மேற்பார்வையாளர் என்று மற்ற நாட்டுத் தமிழர் நினைத்துக்கொள்ளக்கூடும். மலேசியாவில் கார் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் அவர் போமன்தான்.

கேமரன் மலையின் போமன்கள் கணினி இல்லாத வண்டிகளில் கை பழகியவர்கள். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் குறித்துவிட்டுப் போன இந்த மேட்டுநிலத்துக்கு, பேராக் மாநிலத் தாப்பாவிலிருந்து மலைச்சாலை போட்டு முடிக்க 1930-கள் ஆயின. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். பின்னால் மற்றத் தோட்டங்களும் வந்தன. தமிழ்த் தொழிலாளர்கள் லயங்களில் குடியேறினார்கள். கொழுந்து, உரம், காய்கறி, ஆள் என்று மலையில் எதை ஏற்றி இறக்கவும் லேண்ட்ரோவர்தான். இன்றைக்கும் தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா வரை கூடை ஏற்றிய பழைய லேண்ட்ரோவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அவற்றின் பழுதைக் காதாலும் மூக்காலும் கண்டுபிடிப்பார்கள். புகை கறுத்தால் கார்புரேட்டர், இருமினால் பாயிண்ட், முனகினால் பேரிங். மலைக்காற்று மெலிந்தது என்பதால் கீழ்நாட்டில் சரியாக ஓடிய கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். ஜெட்டை மாற்றிப் போட்டுவிடுவார்கள். கணினி என்ற சொல்லே அந்தப் பட்டறைகளுக்குத் தேவைப்படவில்லை.

வெளி உலகில் அது முன்பே தொடங்கிவிட்டது. கலிபோர்னியா மாநிலம் 1988 முதல் கார்கள் தம் பழுதைத் தாமே குறித்துவைக்க வேண்டும் என்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரிப் பதினாறு முனை இணைப்பும் ஒரே கோட் வரிசையும் கட்டாயமாயின, அதுதான் ஓபிடி-2. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. மலேசியக் கார்களில் அது படிப்படியாக வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், அதாவது 1990-களின் கார்களில், கோட் இருந்தது, ஸ்கேனர் இல்லை. விளக்கே கண் சிமிட்டிச் சொல்லும்.

அந்தச் சிமிட்டலைப் படிக்க ஒரு தோட்டப் பட்டறை கற்றுக்கொண்ட நாள் நினைவில் வைக்கத் தக்கது. இந்த வரிகளை எழுதுபவர் அப்போது அங்கே ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பையன். தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் கார் விடிகாலையில் கிளம்ப மறுத்தது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பத்து மணிக்கு வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடும். கீழே தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை. கீழ்நாட்டில் ஒரு பட்டறை புது பேட்டரி போட்டது. இன்னொரு பட்டறை ஸ்டார்ட்டரை மாற்றியது. செக் எஞ்சின் விளக்கு பல மாதமாக எரிந்துகொண்டுதான் இருந்தது. இரவில் கண்ணை உறுத்துகிறது என்று கிராணி அதன்மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டியிருந்தார்.

அக்கால டொயோட்டா கார்களில் எஞ்சின் அறைக்குள் மூடி போட்ட ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு கோட்டைச் சிமிட்டும். கோட் எதுவும் இல்லையென்றால் வினாடிக்கு இரண்டு முறை நிற்காமல் சிமிட்டும். பட்டறையில் தோதான கம்பி கிடைக்கவில்லை. கொழுந்து நிறுக்க வந்த அக்கா ஒருவர் தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தார். ஊசியின் கறுப்புப் பூச்சில் மின்சாரம் ஓடாது. மூத்த போமன் அதை அரத்தில் சுரண்டி, வெள்ளை தெரிந்த பிறகு செருகினார். பிளாஸ்டரைப் பிய்த்தார்கள்.

“ரெண்டு அடிச்சு நிக்குது. மறுபடியும் ரெண்டு. எழுது தம்பி.”

“இருபத்திரெண்டுண்ணே.”

22 என்றால் தண்ணீர் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சுற்று. அந்தச் சென்சார் ஒரு மின்தடைதான். குளிரில் தடை கூடும், சூட்டில் குறையும். 20 டிகிரியில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம். 80 டிகிரியில் சில நூறு ஓம். கம்பி அறுந்தாலோ இணைப்பு விட்டுப்போனாலோ கணினிக்கு எந்தத் தகவலும் வராது. அப்போது அது தானாக ஒரு முடிவெடுக்கிறது: தண்ணீர் 80 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூடான எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டாம் அல்லவா? தாப்பாவின் காலைப் புழுக்கத்தில் அந்த ஏமாற்று எடுபட்டது. தானா ராத்தாவில், 15 டிகிரி மூடுபனியில், குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. பேட்டரியும் ஸ்டார்ட்டரும் பாவம், அவற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போமன் சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் தடையை அளந்தார். சென்சார் நல்ல நிலையில் இருந்தது. கழற்றிய இணைப்பைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்: இரண்டு பித்தளை நாக்கில் ஒன்று முழுக்கப் பச்சையாகக் களிம்பேறியிருந்தது. கோயில் விளக்கை ஆடிக்கு ஒருமுறைகூடப் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. பழைய பல் துலக்கும் பிரஷ், களிம்பு போக்கும் ஸ்பிரே, கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான் மருந்து. கிராணி ஏற்கெனவே செலவழித்த வெள்ளியை நினைத்துச் சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

சாமானை மாற்றுவதற்கு முன் கம்பியைப் பார், கம்பிக்கு முன் இணைப்பைப் பார் என்ற வரிசை அன்றைக்கு அந்தப் பட்டறையில் நிலைத்தது. மலையில் ஆண்டு முழுவதும் ஈரம் இருப்பதால் கோட் விழுந்த சென்சார்களில் பெரும்பகுதி நல்ல சென்சார்களாகவே இருக்கும்.

பதினாறு முனைக் கார்கள் வந்தபின் கொண்டை ஊசி ஓய்வு பெற்றது. இணைப்பு ஸ்டீயரிங்குக்கு அடியில், ஓட்டுநரின் முழங்கால் பக்கம் இருக்கும். 4, 5-ஆம் முனைகள் எர்த். 16-ஆம் முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். ஸ்கேனர் உயிர்பெறவே இல்லையென்றால் ஸ்கேனரைத் திட்டுவதற்கு முன் ஃபியூஸைப் பார்ப்பது நல்லது. பல கார்களில் சிகரெட் லைட்டரும் இந்த 16-ஆம் முனையும் ஒரே ஃபியூஸில் இருக்கும். மலையேறும்போது போன் சார்ஜ் செய்து அந்த ஃபியூஸை எரித்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

கோட்டைப் படித்ததும் அழிப்பது எல்லாப் புதியவர்களும் செய்யும் தவறு. அழிக்கும்போது எண் மட்டும் போவதில்லை. கோட் விழுந்த நொடியில் கணினி எடுத்து வைத்த ஒரு படம் போகிறது. அப்போது வேகம் எவ்வளவு, சுற்று எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, எஞ்சின் சுமை எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று பெயர். இதோடு, பெட்ரோல் அளவில் கணினி பல நாள் கற்றுக்கொண்ட திருத்தங்களும் அழிகின்றன. ஆகவே அந்தப் பட்டறையில் முதலில் 555 புத்தகம் வெளியே வரும். மளிகைக் கடையில் கடன் எழுத மலேசியா முழுவதும் பயன்படும் உள்ளங்கை அளவுப் புத்தகம் அது. கார் எண், தேதி, கோட், படத்தில் உள்ள எண்கள், ஓட்டுநர் சொன்ன வார்த்தை. எல்லாம் எழுதிய பிறகே அழிக்கும் பொத்தான்.

விளக்கு எரியாவிட்டாலும் கோட் இருக்கலாம் என்பதும் புத்தகத்தில் எழுதப்பட வேண்டிய விஷயம். பெரும்பாலான பழுதுகளை முதல் பயணத்தில் கணினி ஐயப்பாடாக மட்டும் குறிக்கும். அடுத்த பயணத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு. பிறகு மூன்று பயணம் பழுதில்லாமல் ஓடினால் விளக்கு அணையும். எண் மட்டும் நாற்பது முறை எஞ்சின் சூடாகி ஆறும்வரை நினைவில் கிடக்கும். ‘தானாகவே சரியாகிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் காரில் விஷயம் இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

சமவெளிப் பட்டறைகள் அந்தப் படத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மலையில் அதுதான் பாதி வைத்தியம், ஏனென்றால் எண்களைப் பார்த்தால் கார் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். வேகம் மணிக்கு 28, சுற்று 3,900, சுமை 92, தண்ணீர் 97 என்று இருந்தால் கார் முதல் கியரில் மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் மைல் தாண்டிய ஏற்றமாக இருக்கலாம். வேகம் 45, சுமை ஒன்றுமில்லை, சுற்று மட்டும் 2,500 என்றால் இறக்கம். காலை எடுத்துவிட்டு எஞ்சினாலேயே பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

ஓர் ஆசிரியரின் கார் இறங்கும்போது மட்டும் அணைந்துபோனது. பி0335: கிராங்க் சுழற்சியைப் பார்க்கும் சென்சாரிலிருந்து சைகை இல்லை. ஏறும்போது ஒன்றுமில்லை, சமதளத்தில் ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில் சென்சாரை மாற்றியிருந்தார்கள். ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், எஞ்சினால் பிடித்து இறங்கும்போது எதிர்ப்பக்கம் சாயும். தாங்கு ரப்பர் கிழிந்திருந்ததால் அந்தச் சாய்வு அளவுக்கு மீறி, சென்சாரின் கம்பி இழுபட்டு உள்ளே தொட்டும் தொடாமலும் இருந்தது. வளைவில் எஞ்சின் அணைந்தால் பிரேக் கல்லாகும். அந்தக் காரில் மாற்றப்பட்டது ஒரு ரப்பரும் அரை முழம் கம்பியும்.

கம்பி என்றதும் எலி நினைவுக்கு வராமல் போகாது. லயத்துக் கொட்டகையில் நிறுத்திய கார்களில் குளிருக்கு எஞ்சின் மேல் எலி வந்து படுக்கும், சும்மா படுக்காது. ஒரு நாள் பி0113 என்று ஒரு கார் வந்தது: உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பச் சென்சார். ஸ்கேனரில் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. கேமரன் மலை குளிர்தான். அதற்காகச் சைபீரியா இல்லை. இந்த வகைச் சென்சாரில் கம்பி அறுந்தால் கணினிக்கு முடிவில்லாத தடை தெரியும். தான் அறிந்த மிகக் கடைசிக் குளிரான மைனஸ் 40-ஐக் காட்டிவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நூற்று நாற்பது மாதிரி எரிகிற சூடு காட்டும். இப்படிப்பட்ட பைத்தியக்கார எண் கோட்டைவிட உதவியானது: சென்சாரின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்துப் பார்க்க வேண்டும். மைனஸ் 40 பாய்ந்து எரிகிற சூடாக மாறினால் கணினியும் கம்பியும் நலம், சென்சார்தான் செத்தது. மாறாவிட்டால் எலியைத் தேடலாம். அன்றைக்கு எலிதான், காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் தேயிலைத் தூள் பொட்டலத்தின் காகிதத்தில் கூடு கட்டியிருந்தது.

பைத்தியக்கார எண் பிடிபடும். நியாயமாகத் தோன்றுகிற பொய் எண்தான் ஆளைக் கெடுக்கும். அதற்குத் தோட்டத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த சிறு வேன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பி0172, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். புகை கறுத்தது, பிளக் கரி பிடித்தது. வேறு இடத்தில் இன்ஜெக்டரைக் கழுவி, ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, மூன்று மாதம் கழித்து அதே கோட்டோடு வந்தது. ஈப்போவில் தொழில் பழகி அப்போதுதான் மலைக்கு வந்த இளம் போமன் ஒருவர் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார். இந்த வகை வேனில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்றறையின் அழுத்தத்தை எம்ஏபி சென்சார் அளக்க, அதிலிருந்து கணினி காற்றைக் கணக்கிடும். எஞ்சின் ஓடாதபோது அந்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சாவியைப் போட்டதும் 99 கிலோபாஸ்கல் என்று வந்தது. “நூறு கிட்ட காட்டுது, நல்லா இருக்கு” என்று அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஈப்போவிலும் அப்படித்தான்.

மூத்தவர் ஸ்கேனர் படித்தவர் அல்ல. தேநீர்க் குவளையோடு வந்து எண்ணைப் பார்த்தார். “கீழே நூறு. இங்கேயும் எப்படிடா நூறு வரும்? நம்ம வீட்டுப் பருப்பு வேக எவ்வளவு நேரமாகுதுன்னு உங்க அண்ணிகிட்டே கேளு.” 1,440 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், சூடு போதாமல் பருப்பு சண்டி செய்யும். காற்றழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று அவருக்குப் பாடமாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். முற்றத்தில் நின்ற வேறு மூன்று கார்களில் ஸ்கேனரைப் போடச் சொன்னார். 86, 85, 86. நான்காவதாக வேன் மட்டும் 99. சென்சார் காற்றை அதிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது; அதை நம்பிய கணினி பெட்ரோலை அதிகமாக ஊற்றியது. எண் எல்லைக்குள் இருந்ததால் சென்சார்மேல் எந்தக் கோட்டும் விழவில்லை. வேன் ஈப்போவுக்கு ஒருமுறை போயிருந்தால் 110-க்கு மேல் காட்டிப் பிடிபட்டிருக்கும். அது மலையைவிட்டு இறங்கியதே இல்லை.

இதே அழுத்தம் சில பழைய கார்களில் இன்னொரு வேடிக்கையும் செய்யும். அவை வெளிக்காற்றைச் சாவி போடும்போது ஒருமுறை அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளும். தாப்பாவில் கிளம்பி நிறுத்தாமல் ஏறினால், தானா ராத்தாவிலும் தாப்பாக் காற்று என்றே கணக்குப் போடும். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் வண்டி லேசாக ஏறுகிறது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. எஞ்சின் ஆறுவது ஒரு காரணம். மறுபடி சாவி போடும்போது காற்றைப் புதிதாக அளப்பது இன்னொன்று.

காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில் அடிக்கடி வருவது பி0171. இங்கே பார்க்க வேண்டியது, பெட்ரோல் அளவில் கணினி செய்துகொண்டிருக்கும் திருத்தம். எஞ்சின் சும்மா ஓடும்போது திருத்தம் 25 விழுக்காடு கூடியிருந்து, 2,500 சுற்றில் ஐந்துக்கு இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. சுற்று கூடக்கூட உள்ளே வரும் மொத்தக் காற்றில் ஒழுகலின் பங்கு சிறுத்துவிடும். திருத்தம் ஏற்றத்தில், சுமையில் கூடினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். எல்லா நிலையிலும் ஒரே மாதிரி கூடியிருந்தால் காற்று சென்சாரின் மெல்லிய கம்பியில் தூசி. உரப் பாதையில் ஓடும் கார்களுக்குக் கடைசியாகச் சொன்னது அதிகம்.

மூடுபனிக் காலத்துக் கோட் பி0300 வரிசை. சிலிண்டர் பற்றாமல் விடுவது. கடைசி இலக்கம் சிலிண்டரின் எண். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட வேண்டும். கோட் 0303-ஆக இடம் மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன். காசில்லாத சோதனை இதைப்போல் வேறில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சின்மேல் தண்ணீரைப் பூவாய்த் தெளித்தால், விரிசல் விட்ட காயிலில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஏற்றத்தில் விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் மட்டும் பட்டறை வரை ஓட்டிவரலாம் என்று நினைக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது உருகிவிட்டால் செலவு காயிலைப்போல் பல மடங்கு.

டீசல் பிக்கப்புகளுக்கு வேறு வரிசை. காய்கறித் தோட்டத்துப் பிக்கப் ஒன்று ரிங்லெட் ஏற்றத்தில் செத்துப்போகிறது என்று வந்தது. பி0299, டர்போ போதிய காற்றைத் தள்ளவில்லை. புது டர்போ போட வேண்டும் என்று வேறோர் இடத்தில் விலை சொல்லியிருந்தார்கள். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் ஒரு பிளவு. சும்மா நிற்கும்போது உதடு மூடியதுபோல் இருக்கும், அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். கொட்டகையில் எத்தனை நேரம் காது கொடுத்தாலும் கேட்காது. ஹோஸின் வாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றைக் குறைவாக உள்ளே விட்டுச் சோப்பு நுரையைத் தடவியபோது அடியில் குமிழ் பூத்தது.

பி0420 கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோட். அது மலையில் அபூர்வமாகத்தான் விழும். அந்தச் சோதனையைக் கணினி செய்ய, சூடான எஞ்சினோடு சில நிமிடம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தாப்பா சாலையின் வளைவுகளில் ஒரே வேகம் என்பது அரை நிமிடம்கூடக் கிடையாது. மலைக்குள்ளேயே ஓடும் கார் மாதக்கணக்கில் சோதனை முடியாமல் இருக்கும். ஒரு நாள் உறவினர் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் கிளம்பி, தாப்பாவில் நெடுஞ்சாலை ஏறி, வழியில் பெட்ரோல் போட்டு மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் விளக்கு எரியும். “மலையில நல்லாத்தான் இருந்துச்சு, கீழே பெட்ரோல் போட்டதும் வந்துடுச்சு” என்பார்கள். கீழ்நாட்டுப் பெட்ரோல் அப்பாவி. இந்தக் கோட்டுக்காகக் கன்வெர்ட்டரை வாங்குவதற்கு முன் புகைக்குழாயில் ஓட்டை, எஞ்சின் ஆயில் குடிப்பது, பழைய மிஸ்ஃபயர் ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட வேண்டும். கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் எஞ்சின்தான் கொல்கிறது.

ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி வந்த ‘ஹாஃப் கட்’ எஞ்சின்களைப் போட்ட கார்களில் இந்தக் கணக்கெல்லாம் தவறலாம். கணினி ஜப்பான் சந்தைக்கானதாக இருந்தால் பதினாறு முனை இருந்தும் பொது ஸ்கேனரோடு பேசாமல் போகலாம். சிலவற்றில் விளக்கின் கம்பியையே இணைத்திருக்க மாட்டார்கள். சாவியைப் போட்டதும், எஞ்சின் கிளம்புவதற்கு முன், விளக்கு ஒருமுறை எரிய வேண்டும் என்பது விதி. எரியாத விளக்கு நல்ல எஞ்சினுக்கு அத்தாட்சி ஆகாது.

இப்போது விரல் அளவு புளூடூத் ஸ்கேனர் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. போனில் கோட்டைப் படித்துவிட்டு, சாமானின் பெயரோடு பட்டறைக்கு வருகிறார்கள்: “அண்ணே, ஆக்சிஜன் சென்சார் மட்டும் மாத்திக் குடுங்க.” கருவியில் குற்றமில்லை, அது எண்ணைச் சரியாகத்தான் படிக்கிறது. பழுது பார்த்த பிறகு கோட்டை அழித்து, விழுந்த அதே இடத்தில், அதே கியரில், அதே சுமையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஏற்றத்தில் விழுந்த கோட்டை முற்றத்தில் எஞ்சினை முறுக்கிச் சோதித்தால் நாளைக் காலை அதே கார் வாசலில் நிற்கும்.

மூத்த போமனின் 555 புத்தகங்களில் ஒன்றின் அட்டைக்கு உள்பக்கத்தில், வேனுக்குப் பிறகு எழுதிய ஐந்து எண்கள் இருக்கின்றன. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டபோது அழுத்தச் சென்சார் காட்ட வேண்டியவை: தாப்பா 100, ரிங்லெட் 88, தானா ராத்தா 86, பிரிஞ்சாங் 85, பிரிஞ்சாங் மலை உச்சி 80. ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் பக்கத்துக் காரில் போட்டுப் பாருங்கள்.